தரமணி: படிப்பு இங்கே, பிழைப்பு எங்கே?

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ், ஒர்க்‌ஷாப் வாத்தியார், கட் அடித்துவிட்டுப் போன சினிமா எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் நம்ம தரமணியின் கதையைச் சொல்கிறேன். ஒரே நாட்டுக்குள் புதுத் தொழில் சில ஊர்களில் மட்டும் ஏன் முளைக்கிறது? இதற்குப் பதில் தேட அமெரிக்கா போக வேண்டாம்; மத்திய கைலாஷில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே நடந்தால் போதும்.

முதலில் சிவகாசியைப் பாருங்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் வந்தது. அச்சு வந்ததும் காலண்டர் வந்தது. கோயம்புத்தூரிலும் அப்படித்தான். ஒருவர் பட்டறையில் வேலை கற்றவர் அடுத்த தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். தொழில் ஓரிடத்தில் குவிந்தால் கைத்திறனும் அங்கேயே எளிதாகப் பரவும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890-லேயே விளக்கியிருக்கிறார். அந்த ஊர்களில் படிப்பும் பிழைப்பும் ஒரே தெருவில் இருந்தன.

தரமணி கதை வேறு. இங்கே தொழில் முதலில் வரவில்லை. நிலம் இருந்தது, அரசாங்கம் வந்தது. 1916-ல் பிராட்வே பக்கம் டிரேட்ஸ் ஸ்கூலாகத் தொடங்கிய நம்ம சி.பி.டி., 1950-களின் பிற்பகுதியில் இங்கே குடிவந்தது. அச்சுக்கலை, ஜவுளி, ரசாயனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல்லூரி இதே வளாகத்தில் வந்தது. 1945-ல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கிய சினிமாப் படிப்பு பின்னாளில் திரைப்படக் கல்லூரியாக வளர்ந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியுடன் ஐ.ஐ.டி.; 1962-ல் கணித அறிவியல் நிறுவனம். ஒரு மணி நேரம் நடந்தால் இத்தனையையும் சுற்றி வந்துவிடலாம். இந்தியாவில் இப்படிப்பட்ட இடம் மிகக் குறைவு.

ஆனால் நடந்தது என்ன? தோல் ஆராய்ச்சி அடையாறில், தோல் பதனிடுவது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும். கேமரா கற்பது தரமணியில், படம் எடுப்பது கோடம்பாக்கத்தில். நாம் லேத் ஓட்டக் கற்றது இங்கே. டிப்ளமோவைக் கையில் வாங்கியதும் கிண்டி எஸ்டேட்டுக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும்தான் ஓடினோம். ஐ.ஐ.டி. மாணவர்களோ விமானம் ஏறினார்கள். படிப்பு இங்கே, பிழைப்பு வேறெங்கோ. நடுவில் ஒவ்வொரு நிறுவனத்தையும் சுற்றி ஒரு காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

2000-ல் டைடல் பார்க் திறந்தது. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியதால் அந்தப் பெயர். பழைய மகாபலிபுரம் ரோட்டின் முகமே மாறியது. இப்போது பிழைப்பும் பக்கத்தில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அங்கே நடந்த வேலை பெரும்பாலும் கடல் கடந்த கம்பெனிகளுக்கான வேலை. அங்கே வேலை பார்த்தவர்கள் நம் வளாகத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பக்கத்தில் இருப்பது வேறு, பழகுவது வேறு.

இதைத்தான் ஆனாலீ சாக்சீனியன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1994-ல் ஒரு புத்தகமாக எழுதினார். பாஸ்டன் பக்கமும் பெரிய பல்கலைக்கழகங்கள் உண்டு, கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் உண்டு. பாஸ்டன் கம்பெனிகள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தன. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆட்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறினார்கள், போட்டிக் கம்பெனிக்காரர்களோடும் பேசினார்கள். முந்தியது சிலிக்கான் பள்ளத்தாக்கு.

நம் பக்கத்துச் சுவரில் முதல் வாசல் 1990-களில் திறந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும், அவர்கள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் கம்பெனியும் சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்காமலே கிராமத்துக்கு போன் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். 2010-ல் தரமணி கானகம் ரோட்டில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. அங்கே வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. மாணவர்களோடும் பேராசிரியர்களோடும் சேர்ந்து வேலை செய்து கம்பெனிகள் புள்ளி சேர்க்க வேண்டும். பழக வேண்டும் என்பதையே அங்கே விதியாக்கிவிட்டார்கள்!

பலன் தெரிந்தது. ஆனால் எல்லாம் இங்கேயே தங்கவில்லை. 2013-ல் ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் இருவர் தொடங்கிய ஏதர் மின்சார ஸ்கூட்டர் கம்பெனி சீக்கிரமே பெங்களூர் போனது. பிறகு தொழிற்சாலை ஓசூரில். விதை தரமணி, நாற்று பெங்களூர், விளைச்சல் ஓசூர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கூட்டர் கட்ட நிலமும் உதிரிபாகம் செய்பவர்களும் வேண்டும், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் காலூன்றிய ஊரில் இரண்டும் உண்டு. 2017-ல் பிறந்த அக்னிகுல் கம்பெனியோ 2022-ல் ராக்கெட் எஞ்சின் செய்யும் கூடத்தை ஆராய்ச்சிப் பூங்காவிலேயே அமைத்தது. 2024 மே 30-ல் அவர்கள் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எஞ்சின் முழுவதும் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வந்தது. ஆக, தரமணியில் படிப்பும் பிழைப்பும் ஒரே கூரைக்குக் கீழே வர முடியும்.

ராக்கெட் என்றால் சூத்திரம் மட்டுமில்லை, தம்பிகளே, தங்கைகளே. மெஷினை ஓட்ட வேண்டும், அளவு பார்க்க வேண்டும், பிழை எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அது நம்ம பாடம். ஐ.ஐ.டி. பக்கம் வாசல் திறந்தாகிவிட்டது. நம் பக்கத்து வாசலை நாம்தான் திறக்க வேண்டும். அடுத்த வளாகத்துக்குப் போய், “சார், எங்களுக்கு இந்த வேலை தெரியும், பார்க்கலாமா?” என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு இரண்டு மூன்றாம் ஆண்டு மாணவர்களை விடுமுறையில் கூப்பிட்டு மெஷின் பக்கத்தில் நிறுத்துங்கள். சுவரை இடிக்க வேண்டாம். ஒரு கேட் போதும்.