டெம்போ

இத்தாலிய மொழியில் 'டெம்போ' என்றால் காலம். லத்தீன் 'டெம்புஸ்' அதன் வேர். வாள்வீச்சில் ஓர் எளிய அசைவைச் செய்து முடிக்க ஆகும் நேரமே ஒரு டெம்போ. நொடிக் கணக்கு கிடையாது.

ஃபாயில் என்னும் வாள்வகை ஆட்டத்தில் இருவரும் தொட்டு இரு விளக்கும் எரிந்தால், எதிர்த்தாக்குதல் ஒரு டெம்போ முந்தியிருந்தால்தான் செல்லும். இல்லையேல் புள்ளி தாக்கியவருக்கே. பிளெய்ன்ஸ்பரோவில் ஃபாயில் பழகும் என் மகள் அந்த இடைவெளியைத்தான் தேடுகிறாள். எதிராளி முழங்கையை மடக்கித் தயங்கும் கணத்தில் அவள் கை நீள்கிறது. நடுவரின் கை அவள் பக்கம் உயர்கிறது.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'செவ்வி': ஏற்ற தருணம். செம்மையோடு உறவுள்ள சொல். திருக்குறள் 49ஆம் அதிகாரத்தையே 'காலமறிதல்' என வைத்து, கொக்கின் காத்திருப்பையும் கொத்தலையும் உவமையாக்கியது. காத்திருப்பதும் பாய்வதும் ஒரே கலைதான்.