ஃப்ரம் தி கிரேடில் (இசைத்தொகுப்பு)

'ஃப்ரம் தி கிரேடில்', இங்கிலாந்தின் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1994 செப்டம்பரில் வெளியிட்ட புளூஸ் இசைத்தொகுப்பு. இதிலுள்ள 16 பாடல்களில் ஒன்றுகூட அவர் எழுதியதல்ல. எல்லாமே 1920-கள் முதல் 1960-கள் வரை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இசைத்தட்டில் பாடி வைத்தவை. ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பைக் கிளாப்டனும் ரஸ் டைட்டில்மேனும் தயாரித்தனர். பழைய பாட்டை எடுத்தாளும் ராக் கலைஞர்கள் பொதுவாக அதைத் தம் பாணிக்கு மாற்றிக்கொள்வார்கள். கிளாப்டனோ மூலத் தட்டின் ஒலியையே கூடியமட்டும் திரும்பக் கொண்டுவர முயன்றார். தொகுப்புக்குக் கிடைத்த பாராட்டு, கண்டனம் இரண்டுக்குமே இதுதான் காரணம்.

பின்னணி

கிளாப்டன் 1945-இல் சர்ரே மாவட்டத்தின் ரிப்ளி கிராமத்தில் பிறந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த புளூஸ் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகினார். 1965-இல் யார்ட்பேர்ட்ஸ் குழு 'ஃபார் யுவர் லவ்' என்ற பாட்டின் மூலம் பாப் இசைப் பக்கம் திரும்பியபோது, அது பிடிக்காமல் வெளியேறினார். அடுத்த ஆண்டு ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு அவர் பதிவு செய்த தொகுப்பு, பிரிட்டிஷ் புளூஸின் முன்மாதிரியாக நின்றது.

ஆனால் அக்காலத்தில் அவர் மூலத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ராபர்ட் ஜான்சன் 1936-இல் ஒற்றைக் கிதாருடன் பாடிய 'கிராஸ் ரோட் புளூஸ்', 1968-இல் அவர் இருந்த கிரீம் குழுவின் மேடையில் வேகமும் இரைச்சலும் கூடிய ராக் பாட்டாக ஒலித்தது. 1970-களிலும் 80-களிலும் மென்மையான பாப் பாடல்களே அவருக்குப் பெரும் சந்தையைத் தந்தன. 1992-இல் வந்த 'அன்பிளக்ட்' கிராமி விருதுகளைக் குவித்தது. பிக் பில் புரூன்சி, ராபர்ட் ஜான்சன் பாடல்கள் அதில் இடம்பெற்றதும் விற்பனையைக் குறைக்கவில்லை. முழுக்கப் பழைய புளூஸ் மட்டுமே கொண்ட தொகுப்பை வெளியிடும் துணிவு இந்த வெற்றிக்குப் பிறகு வந்தது.

பாடல்களும் மூலங்களும்

தேர்ந்தெடுத்த பாடல்களை வரிசைப்படுத்தினால் புளூஸின் வரலாறே தெரியும். மிகப் பழையது, அட்லாண்டாவில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே 12 தந்திக் கிதார் வாசித்த பார்பிக்யூ பாப் 1927-இல் பதிந்த 'மதர்லெஸ் சைல்ட்'. பியானோ வாசித்துக்கொண்டு பாடிய லீராய் காரின் 'ஹவ் லாங்' (1928), 'புளூஸ் பிஃபோர் சன்ரைஸ்' (1934) ஆகியவை நகரத்துப் புளூஸின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. சார்லஸ் பிரவுன் 1945-இல் பாடிய 'டிரிஃப்டின்', மேற்குக் கரையின் மெதுவான இரவு விடுதிப் பாணி.

தொகுப்பின் பெரும்பகுதியோ சிகாகோவைச் சேர்ந்தது. மிசிசிப்பியின் பருத்தி வயல்களை விட்டு வடக்கே வேலை தேடிப் போனவர்கள் அங்கே மின்கிதாரைக் கையில் எடுத்தார்கள். வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1954-இல் பாடிய 'ஹூச்சி கூச்சி மேன்' அந்தப் பாணிக்கு நல்ல உதாரணம். வழக்கமான புளூஸ் ஒரு சரணத்துக்கு 12 பார் (தாளச் சுற்று) நீளம் கொண்டது. இதில் முதல் நான்கு பார்கள் எட்டாக நீட்டப்பட்டு, சரணம் 16 பாராகிறது. அந்த எட்டில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு சொற்கட்டுப்போல் அடித்துவிட்டு நிறுத்திக்கொள்ள, அந்த இடைவெளியில் குரல் தனியாகப் பேசுகிறது. கிளாப்டனின் பதிவு இந்த அமைப்பில் கை வைக்கவில்லை. மௌத் ஆர்கன் வாசித்த ஜெர்ரி போர்ட்னாய், 1970-களில் மடி வாட்டர்ஸின் சொந்தக் குழுவிலேயே இருந்தவர்.

'ஃபைவ் லாங் இயர்ஸ்', 'தேர்ட் டிகிரி' ஆகிய இரண்டும் எடி பாய்டுடையவை. அமெரிக்க நிறவெறியைச் சகிக்காமல் அவர் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் குடியேறிவிட்டார். தொகுப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1994 ஜூலையில், அங்கேயே இறந்தார். ஃபிரெடி கிங், ஓட்டிஸ் ரஷ், லோவல் ஃபுல்சன், மடி வாட்டர்ஸின் கிதார் துணைவரான ஜிம்மி ராஜர்ஸ் ஆகியோரின் பாடல்களும் உண்டு.

பதிவு முறை

லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு இணைப்பதே அன்றைய வழக்கம். இங்கே கிளாப்டன் பாடிக்கொண்டே கிதார் வாசிக்க, குழு முழுவதும் உடன் வாசித்தது. 'ஹவ் லாங்' பாட்டில் டோப்ரோ கிதாரும், 'மதர்லெஸ் சைல்ட்' பாட்டில் டிரம்ஸும் மட்டுமே பிறகு சேர்க்கப்பட்டவை என்று உறையிலேயே அச்சிடப்பட்டது. ஆண்டி ஃபேர்வெதர் லோ இரண்டாம் கிதாரும், டேவ் பிரான்ஸ் பாஸ் கிதாரும், கிறிஸ் ஸ்டெயின்டன் பியானோவும், ஜிம் கெல்ட்னர் டிரம்ஸும் வாசித்தனர். 1950-களின் சிகாகோ தட்டுகளும் இப்படி ஒரே அறையில் கூடி வாசித்துப் பதிந்தவையே. அதனால் பாடல்களோடு பதிவு முறையும் பழமைக்குத் திரும்பியது.

வரவேற்பு

பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. 1995-இல் சிறந்த மரபு புளூஸ் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

கிதார் வாசிப்பைப் பெரும்பாலும் எல்லோரும் மெச்சினர். சர்ச்சை குரலைப் பற்றியது. ஐம்பதை நெருங்கிய ஓர் ஆங்கிலேயர் மடி வாட்டர்ஸின் உறுமலைத் தொண்டையில் வரவழைப்பது பக்தியா, வேடமா என்று விமர்சகர்கள் கேட்டனர். 1976-இல் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் குடியேறிகளுக்கு எதிராகக் கிளாப்டன் பேசிய பேச்சு 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற நிறவெறி எதிர்ப்பு இயக்கம் பிறக்கத் தூண்டுதலாயிற்று. அவர் பின்னாளில் அதற்காக வருந்தினார். என்றாலும் கறுப்பினத்தவரின் இசையால் வாழ்ந்தவர் அவர் என்பதால், அந்தப் பேச்சு இத்தகைய விவாதங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது.

பின்னர்

தொகுப்பையொட்டி 1994-95-இல் நடந்த இசைப் பயணத்தில் கிளாப்டன் தம் புகழ்பெற்ற பாப் பாடல்களை ஒதுக்கிவிட்டுப் புளூஸ் மட்டுமே வாசித்தார். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் அப்போது படமாக்கப்பட்ட நிகழ்ச்சி 'நத்திங் பட் தி புளூஸ்' என்ற ஆவணப்படத்தில் உள்ளது. 2000-இல் புளூஸ் கலைஞர் பி.பி.கிங்குடன் இணைந்து 'ரைடிங் வித் தி கிங்' வெளியிட்டார். 2004-இல் வந்த 'மீ அண்ட் மிஸ்டர் ஜான்சன்', ராபர்ட் ஜான்சன் பதிந்த 29 பாடல்களில் 14-ஐ எடுத்துக்கொண்டது. அந்தப் பாடல்களை ஜான்சன் ஒரு கிதாரை மட்டும் துணைகொண்டு பாடியிருக்க, கிளாப்டன் முழுக் குழுவுக்கு ஏற்றபடி அமைத்தார். தட்டில் கேட்டதைக் கேட்டபடி திருப்பி வாசிக்கும் கண்டிப்பை அவர் 'ஃப்ரம் தி கிரேடில்' அளவுக்கு அங்கே கடைப்பிடிக்கவில்லை.