பள்ளி வாசலும் பட்டறை வாசலும்

சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை மொகிலிக் கணவாயில் ஏறி மேட்டுநிலத்தை அடையும் இடத்தில் பலமனேர் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளும் இவ்வூருக்கு அண்மையில் உள்ளன. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டம் உருவாகும் வரையில் பலமனேர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, அது சென்னை மாநிலத்தை விட்டுப் பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறின. ஆயினும், எளிய குடும்பங்களின் கவலை ஒன்று மட்டும் மாறவில்லை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்பானா, அன்றி இடையிலே நின்று கூலி வேலைக்குப் போய்விடுவானா என்பதே அக்கவலை.

இந்த வயதில் பிள்ளை பள்ளியை விட்டு நீங்குவதற்குச் சம்பளம் கட்ட இயலாமை ஒன்றே காரணம் என்று எண்ணிவிடுதல் கூடாது. காரணங்கள் மூன்று உண்டு. அவ்வயதில் அவன் கைக்கு ஒரு கூலி கிடைக்கிறது. குடும்பத்திற்கு அது தேவைப்படுகிறது. இரண்டாவதாக, எழுத்தறியாத வீட்டில், பாடம் விளங்காதபோது அருகிருந்து தேற்றுவார் எவரும் இல்லை. மூன்றாவதாக, பத்தாம் வகுப்பை முடித்தால் என்ன தொழில் கிட்டும் என்பது அவனுக்கும் தெரிவதில்லை. அவன் பெற்றோருக்கும் தெரிவதில்லை. ஆகவே, பள்ளியின் கதவைத் திறந்துவைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. வழித்துணையாக ஒரு பெரியவரும், வழியின் முடிவில் ஒரு தொழிலும் வேண்டும். தென்னாட்டின் கல்வி வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் இப்பகுதியிலிருந்தே ஒரு சான்று கூறுவோம். 1888ஆம் ஆண்டில் அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துத் திருத்தணியில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பின்னர் வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். உபகாரச் சம்பளங்களே அவருடைய படிப்பைத் தாங்கி நின்றன. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் பாடநூல்களை அவரிடம் அளித்தார். விலை கொடுத்து நூல் வாங்க வசதியில்லாத அவ்விளைஞர் தத்துவப் பாடத்தையே எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியதை உலகம் அறியும். உபகாரச் சம்பளம் ஒரு புறமும், மூத்தவர் ஒருவரின் உதவி மற்றொரு புறமும் நின்று அவரைக் கரையேற்றின.

ஆனால், இத்தகைய உறவினர் வாய்க்காத பிள்ளைகளின் நிலை என்ன? இவ்வினாவிற்கு விடையாகவே 1905ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் தோன்றியது. சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால், சி. இராமசுவாமி ஐயங்கார் என்பவர், தம் உறவினரான சி. இராமானுஜாச்சாரியாரின் துணையோடு, ஏழைப் பிள்ளைகள் சிலரைக் கொண்டு அதனைத் தொடங்கினார். உண்ண உணவும் உறங்க இடமும் தருவதோடு அவர்கள் அமைதி கொள்ளவில்லை. தந்தையின் இடத்தில் நின்று பிள்ளைகளின் படிப்பையும் ஒழுக்கத்தையும் கண்காணித்து வந்தனர். 1921ஆம் ஆண்டில் சுவாமி பிரம்மானந்தர் அவ்வில்லத்தின் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1922ஆம் ஆண்டில் இல்லத்திற்குள்ளேயே ஓர் உயர்நிலைப் பள்ளி ஏற்பட்டது.

அதன்பின் நடந்ததுதான் நம் சிந்தனைக்கு உரியது. 1925ஆம் ஆண்டில் அவ்வில்லத்தார் தொழிற்பள்ளி ஒன்றையும் தொடங்கினர். மோட்டார் வண்டிகள் நம் சாலைகளில் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. அவ்வண்டிகளின் இயந்திர நுட்பத்தைக் கற்பிக்கும் கல்வி பின்னர் அங்கே வளர்ந்து பெயர் பெற்றது. எழுத்தராக மட்டுமே வாழ்க்கை நடத்த முடியும் என்று படித்தோர் எண்ணிய நாளில், திருகுக் குறடு பிடித்த கையும் படித்த கையாக இருக்கலாம் என்பதை அவ்வில்லம் செய்து காட்டியது. பள்ளி வாசலும் பட்டறை வாசலும் ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்துத் திறந்தன.

இதே நெறியில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் தி. சு. அவினாசிலிங்கம் 1930ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவினார். 1946ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். அவர் காலத்தில், 1948ஆம் ஆண்டையொட்டி, உயர்நிலைப் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் பொதுப் பாடங்களோடு பொறியியல், வேளாண்மை, நெசவு, அலுவலகப் பணி போன்ற தொழிற்பிரிவுகளையும் விரும்பிக் கற்கும் ஏற்பாடு வந்தது. பலமனேர் அந்நாளில் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தொழிலைப் பள்ளியோடு இணைப்பதில் ஓர் எச்சரிக்கையும் வரலாற்றில் உண்டு. 1953ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராஜாஜி தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொணர்ந்தார். பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளையைப் பிணைத்துவிடும் என்று கூறி மக்கள் அதனைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைக்குத் தொழில் காட்டுவது வேறு. தொழிலைச் சாக்காகக் கொண்டு அவன் கல்வியைக் குறைப்பது வேறு. குயவர் மகன் விரும்பினால் மண் வனையலாம். அவன் விரும்பினால் மருத்துவம் கற்கவும் வழி இருத்தல் வேண்டும்.

அதே 1953ஆம் ஆண்டில், டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு மத்திய அரசாங்கத்திற்கு அறிக்கை அளித்தது. பலவகைத் தொழிற்பிரிவுகள் கொண்ட உயர்நிலைப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. மாணவனின் இயல்பறிந்து வழிகாட்டும் அலுவலரும், வேலை வாய்ப்புகளை எடுத்துரைக்கும் ஆசிரியரும் படிப்படியாகக் கல்வி நிலையங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் அது கூறியது. மயிலாப்பூரில் தனியார் சிலர் அன்பினாற் செய்த பணி, நாட்டின் கல்விக் கொள்கையில் ஒரு பரிந்துரையாக இடம் பெற்றது.

ஆந்திரப் பிரதேசமும் தன் வழியில் இப்பணியை மேற்கொண்டது. 1971ஆம் ஆண்டில் பி. வி. நரசிம்மராவ் முதலமைச்சராக இருந்தபோது, நல்கொண்டா மாவட்டத்துச் சர்வேலில் உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் தாடிகொண்டாவிலும், இராயலசீமைப் பகுதியில் கொடிகெனஹள்ளியிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. சிற்றூர்களில் திறமையுடைய ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்து, ஆசிரியர்கள் உடன் தங்கியிருந்து கற்பிக்கும் குருகுல முறை இது.

இவ்வளவும் நடந்த பின்னரும் ஓர் இடைவெளி எஞ்சி நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரிமை அளிக்கிறது. 2016ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பதினான்கு வயது நிரம்பாதாரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்கிறது. அதற்கு மேல் பதினெட்டு வயது வரை, ஆபத்தான தொழில்களை மட்டுமே விலக்குகிறது. ஆகவே, ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் பிள்ளையைப் பள்ளியில் இருத்தச் சட்டத்தின் கை நீள்வதில்லை. அங்கே மனிதரின் கை நீள வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்சாலையில் பயில வழி செய்துள்ளது. ஆனால் அதன் நல்ல பிரிவுகள் பலவற்றிற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இச்செய்தியை ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் காதில் போடுவார் ஒருவர் இருந்தால், இன்றைய கூலிக்காக அவன் நாளைய தொழிலை இழக்க மாட்டான்.

தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. ஊர் மாறும்போது பாடமொழி மாறுகிறது, பாடத்திட்டமும் மாறுகிறது, பிள்ளை ஓராண்டு பின்தங்கினால் படிப்பையே விட்டுவிடும் அச்சம் எழுகிறது. கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக அரசாங்கம் இடம் மாறிய காலத்தில், உடன் சென்ற தென்னாட்டு ஊழியரின் பிள்ளைகளும் இவ்வாறே இடர்ப்பட்டனர். 1923ஆம் ஆண்டில் அவ்வூழியர்கள் கூடி மதராசிக் கல்விச் சங்கத்தை நிறுவினர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பின்னர் பெயர் பெற்று, தலைநகரில் பல பள்ளிகளை நடத்தும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. அதனைத் தொடங்கியோர் பெருஞ்செல்வர் அல்லர்; மாதச் சம்பளம் வாங்கிய எழுத்தர்கள்.

எனவே, பலமனேரிலும் பெங்களூரிலும் மும்பையிலும் உள்ள தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதோடு மற்றொரு பணியையும் மேற்கொள்ளலாம். தம் ஊரில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பயிலும் எளிய பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டுக. ஒவ்வொரு பிள்ளைக்கும் படித்த பெரியவர் ஒருவரைத் துணையாக்குக. வாரம் ஒரு மாலை அவர் அப்பிள்ளையோடு அமர்ந்து பாடத்தையும் வீட்டு நிலைமையையும் கேட்டறியட்டும். பள்ளிக்கு வராத நாளில் வீட்டுக்குச் சென்று காரணம் வினவட்டும். பட்டறையும் கடையும் அலுவலகமும் வைத்திருப்போர், படிப்பை முடித்து வரும் பிள்ளைக்கு ஓர் இடம் தருவதாக முன்கூட்டியே வாக்களிப்பாராக. மயிலாப்பூரில் 1905ஆம் ஆண்டில் ஒரு சில பிள்ளைகளோடு தொடங்கிய பணி நூற்றாண்டு கடந்தும் நிலைத்துள்ளது. நம் தெருவில் ஒரு பிள்ளையோடு தொடங்குவதற்கு வரும் பள்ளியாண்டின் முதல் வாரமே தக்க காலமாகும்.