சாக்கை முதல் மின்திசைமாற்றி வரை: திருவனந்தபுரத்தில் ஒரு பழுதுபார்ப்புக் கலையின் வரலாறு

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றியும் வழித்தடங்களைப் பற்றியும் அரசாணைகளைப் பற்றியும் மிகுதியாக எழுதியிருக்கின்றனர். வாங்கிய வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓடும் நிலையில் வைத்திருந்த பட்டறைகளின் அறிவோ ஏட்டில் ஏறாமல், ஆசானின் கையிலிருந்து சீடனின் கைக்கு மாறியே வந்ததால், அதற்குரிய இடத்தைப் பெறவில்லை. திருவனந்தபுரத்தில் அவ்வறிவு எவ்வெவற்றைச் சார்ந்து வளர்ந்தது என்பதை அறிய, பவர் ஸ்டீயரிங் எனப்படும் விசைத்திசைமாற்றியில் ஏற்படும் எண்ணெய்க் கசிவு என்ற ஒரே பழுதைப் பின்தொடர்ந்தாலே போதும். இரும்பும் எண்ணெயும் ரப்பரும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் அப்பழுது பிறக்கிறது; அம்மூன்றில் ரப்பர் திருவிதாங்கூரின் மலைச்சரிவுகளில் விளைந்த பொருள் என்பதால், இவ்வரலாறு இந்நகருக்கு வெறும் இறக்குமதிக் கதையாக நின்றுவிடுவதில்லை.

திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவால் தொடங்கிவைக்கப்பட்டது. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்டர் அதன் முதல் கண்காணிப்பாளராக வந்தார். மன்னரும் அரச குடும்பத்தாரும் அமர்ந்த முதல் பேருந்தை அவரே ஓட்டினார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை 60 காமர் அடிச்சட்டங்களும் அவற்றில் பொருத்தப்பட்ட பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் மட்டுமே. மேற்கூடுகள் திருவனந்தபுரத்தின் சாக்கையிலிருந்த துறையின் பட்டறையில், சால்டரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொழிலாளர்களால் கட்டப்பட்டன. தச்சும் கொல்லும் அறிந்த கைகள் மோட்டார் தொழிலுக்குள் ஒரு பெரிய அமைப்பின் கீழ் நுழைந்த நிகழ்ச்சி என்ற வகையில், தொடக்க விழாவின் ஆடம்பரத்தைவிட இப்பட்டறையே வரலாற்றில் எடை மிக்கது. இத்துறையே 1965-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாயிற்று.

அப்பேருந்துகளின் திசைமாற்றி முழுவதும் பற்சக்கரங்களால் ஆனது. சக்கரங்களைத் திருப்பிய விசை ஓட்டுநரின் தோளிலிருந்தே வந்தது. நாகர்கோவில் சாலையின் வளைவுகளில் பாரவண்டியைத் திருப்ப, குறுக்களவு பெரிதான வளையமும் பல சுற்றுகளும் தேவைப்பட்டன. பழுது என்றால் ஆட்டம் விழுவது, கிங்பின் தேய்வது, கிரீஸ் வறண்டுபோவது ஆகியவையே. பெட்டியிலிருந்து சிறிது கியர் எண்ணெய் சொட்டினாலும், அதன் பின்னால் அழுத்தம் ஏதும் இல்லாததால், ஊற்றி நிரப்பிக்கொண்டு வண்டியை ஓட்டிவிட முடிந்தது.

இந்நிலையை மாற்றிய கருவியான விசைத்திசைமாற்றியை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920-களின் நடுவில் பியர்ஸ் ஆரோ வண்டி ஒன்றில் பொருத்திக் காட்டினார். இரண்டாம் உலகப்போரின் கவச வண்டிகளில் பயன்பட்ட பிறகு, 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. ஸ்போர்ட்ஸ் கார்கள் அதை ஏற்கத் தயங்கின. சாலையின் தன்மையைக் கைவழியே உணர்வதே அவ்வகைக் காரின் சிறப்பு எனக் கருதப்பட்டது. 1960-களில் பிறந்த போர்ஷே 911, விசைத்திசைமாற்றியைப் பெறுவதற்கு 1989-இல் வந்த 964 என்னும் தலைமுறை வரை காத்திருந்தது. கோவையின் பந்தய ஓட்டுநர் கரிவரதன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களும், எடை குறைந்தவை என்பதால், இதன் துணையை நாடவில்லை. இந்தியச் சாலையில் இக்கருவி மெல்லவே பரவியது: சென்னையில் 1929-இல் வணிக நிறுவனமாகத் தொடங்கிய ரானே குழுமம் 1987-இல் டிஆர்டபிள்யூ நிறுவனத்துடன் சேர்ந்து இத்துறையில் இறங்கியது; 1995-இல் வந்த தேவூ சியலோவும் 1998-இல் வந்த ஹோண்டா சிட்டியும் நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கே அதைக் கொண்டுவந்தன.

இக்கருவியில் எஞ்சினின் பெல்ட் ஒரு சிறு பம்பைச் சுழற்ற, பம்ப் கலத்திலிருந்து எண்ணெயை உறிஞ்சி, தடித்த ஹோஸ் வழியாக வால்வுக்கு அனுப்புகிறது. ஓட்டுநர் வளையத்தைத் திருப்பும்போது மெல்லிய முறுக்குத்தண்டு ஒன்று சற்றே முறுகி வால்வைத் திறக்க, எண்ணெய் ரேக் எனப்படும் பல்தண்டின் உறைக்குள் ஒரு பக்கம் பாய்ந்து தண்டைத் தள்ளுகிறது. வளையத்தை முற்றிலும் ஒடித்துப் பிடிக்கும்போது அழுத்தம் 70 முதல் 100 பார் வரை, அதாவது காரின் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேலாக ஏறக்கூடும். இத்தனை அழுத்தத்தையும் நகரும் தண்டுக்கும் அசையாத உறைக்கும் நடுவே தாங்கி நிற்பவை ஆயில் சீல் எனப்படும் ரப்பர் வளையங்களே.

பெரியாற்றங்கரையில் 1902-இல் தோட்டப்பயிராக வேரூன்றிய ரப்பர், முப்பது ஆண்டுகளில் திருவிதாங்கூரின் பெருஞ்செல்வமாகிவிட்டிருந்தது. அதைப் பாலாகவும் தாளாகவும் விற்றுவிடாமல் பண்டமாக்கும் நோக்கத்தோடு அரசு 1930-களில் திருவனந்தபுரத்தில் ஒரு ரப்பர் தொழிற்சாலையை நிறுவியது. பின்னாளில் திருவனந்தபுரம் ரப்பர் ஒர்க்ஸ் எனப் பெயர் பெற்ற அவ்வாலையும் சாக்கையில்தான் இருந்தது. எனினும் பட்டறைகள் தம் பட்டறிவால் கற்க வேண்டியிருந்த ஓர் உண்மை உண்டு: மரத்துப் பால் தரும் இயற்கை ரப்பர் நீரையும் இழுவையையும் தாங்குமேயன்றி, கனிம எண்ணெயைத் தாங்காது, எண்ணெய் பட்டால் ஊறி உப்பி, வலுவிழந்து கிழியும். விசைத்திசைமாற்றியின் சீலுக்கு, 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரே ஏற்றது. உள்ளூரில் கிடைத்த ரப்பரை வெட்டி வாஷராக இட்டுச் சமாளிக்கும் வழக்கம், நீர்க்குழாய்க்குப் பயன்பட்ட அளவுக்கு இங்கே பயன்படாமற்போனதன் காரணம் இதுவே. கிளைக்கால் வகையைச் சேர்ந்த பிரேக் ஆயிலை எண்ணெய்க் கலத்தில் ஊற்றினாலும் நைட்ரைல் கெட்டுவிடும். நிறத்தைப் பார்த்தும் விரலில் தேய்த்தும் எண்ணெயை இனம்காணும் பழக்கம் இதனால் தொழிலின் அரிச்சுவடியாயிற்று.

கசிவைக் கண்டறிவதில் ஒரே விதி மற்றெல்லாவற்றுக்கும் முந்தியது: எண்ணெய் சொட்டும் இடம் அது கசியும் இடமன்று. ஓடும் வண்டியின் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ள, அது இரும்பின் அடிவிளிம்பு வழியே ஊர்ந்து, தாழ்ந்த ஒரு முனையில் வந்துதான் தரையில் விழும். மேற்சொன்ன 964 வகைக் காரில் இது இன்னும் சிக்கலாகிறது. எஞ்சின் பின்பக்கம் இருப்பதால் பம்ப்பும் அங்கேயே, கேம்ஷாஃப்டிலிருந்து சுழற்சி பெறுகிறது, எண்ணெய்க் குழாய்களோ வண்டியின் நீளம் முழுவதையும் கடந்து முன்சக்கரங்களை அடைகின்றன. பம்ப்பின் தண்டுச்சீல் கசிந்தால் அதை எஞ்சின் எண்ணெய்க் கசிவென்று எண்ணி, தேவையற்ற இடத்தைத் திறந்துவிட வாய்ப்புண்டு. ஆகவே தேர்ந்தவர்கள் முதலில் முழுப்பகுதியையும் கழுவி உலர்த்துவர். பின் டால்க் பொடியைத் தூவியோ, எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து புறஊதா விளக்கைப் பிடித்தோ, ஒருவர் வளையத்தைச் சில நொடிகள் மட்டும் முழுவதும் ஒடித்துப் பிடிக்க, மற்றவர் கீழிருந்து ஈரம் தொடங்கும் இடத்தைத் தேடுவர். ஒரு துளியும் சொட்டாத கசிவும் உண்டு: கலத்திலிருந்து பம்ப்புக்குச் செல்லும் உறிஞ்சுகுழாயின் இணைப்பு தளர்ந்தால் எண்ணெய் வெளியேறாமல் காற்று உள்ளே புகும், கலத்தில் நுரையும் பம்ப்பில் முனகலும் அதன் அடையாளங்கள்.

ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள துருத்தி போன்ற ரப்பர் உறைகளைக் கையால் அழுத்திப் பார்ப்பது அடுத்த சோதனை. உள்ளே எண்ணெய் தளும்பினால் உட்சீல் போய்விட்டது என்று பொருள். சங்குமுகம் முதல் கோவளம் வரை கடலை ஒட்டிக் கிடக்கும் இந்நகரில், ஆண்டுக்கு இருமுறை பருவமழையும் பெய்வதால், இவ்வுறையில் விழும் ஒரு சிறு கிழிசலும் பெருங்கேட்டுக்கு வாயிலாகிறது: உப்பீரம் புகுந்து, பளபளப்பான தண்டில் துருப்புள்ளிகளை உண்டாக்க, அப்புள்ளிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் சீலின் உதட்டை அறுக்கின்றன. நகத்தால் தடவும்போது இடறும் புள்ளி இருக்குமானால், புதுச் சீல் இட்டாலும் அது நெடுநாள் நில்லாது. தண்டையே மாற்ற வேண்டும். வாடிக்கையாளரின் செலவைக் குறைக்கும் எண்ணத்தில் சீலை மட்டும் மாற்றித் தருவது கருணைபோலத் தோன்றினாலும், அது அவரை இரண்டு முறை செலவு செய்ய வைக்கும் வழியே.

சீல் மாற்றும் வேலையின் நுட்பம் பொருத்துவதில்தான் உள்ளது. பல்தண்டின் கூரிய பற்களைக் கடந்து செல்லும்போது சீலின் உதடு வெட்டுப்படாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பற்களின் மேல் சுருட்டி, எண்ணெய் தடவி, அதன் மேல் வழுக்கிச் செலுத்துவர். குழாய்முனைகளின் செப்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கிய பிறகு மீண்டும் அடைத்து நிற்பதில்லையாதலால் அவற்றைப் புதிதாக இடுவர். அழுத்த ஹோஸ் வெடித்திருந்தால், கிளிப் போட்டு இறுக்காமல் உலோகக் கழுத்து நசுக்கிப் பூட்டிய ஹோஸையே பொருத்துவர். பழைய எண்ணெயை முழுதும் வடித்து, முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை இயக்காமல் வளையத்தை மெல்ல இருபுறமும் திருப்பிக் காற்றை வெளியேற்றிய பின்னரே எஞ்சின் இயக்கப்படும்.

இக்கலை திருவனந்தபுரத்தில் முழுவீச்சில் நின்ற காலம் குறுகியது. சுசூகி 1988-இல் ஜப்பானில் செர்வோ காரில் அறிமுகம் செய்த மின்திசைமாற்றி, 1999 இறுதியில் இந்தியாவுக்கு வந்த வேகன் ஆர் வழியாக இங்கும் பரவியது. 2011-இல் 911 காரும் மின்முறைக்கு மாறியபோது, கையுணர்வு குறைந்துவிட்டதென ரசிகர்கள் முறையிட்டதையும் பொருட்படுத்தாமல், உலகின் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் எண்ணெயைக் கைவிட்டன. பம்ப்பும் ஹோஸும் இல்லாத கருவியில் எண்ணெய் கசிய இடமில்லை. ஆனால் ரேக்கில் மின்மோட்டார் பொருத்தப்பட்ட வகைகளிலும் அதே துருத்தி உறைகள் இருக்கின்றன. அவை கிழிந்தால் கடலோர ஈரம் முன்பு சீலைக் கெடுத்தது போலவே இப்போது மோட்டாரையும் உணரியையும் கெடுக்கிறது. ஆகவே மழைக்காலத்துக்கு முன் உறையை அழுத்திப் பார்க்கும் சோதனை மட்டும், எண்ணெய்க் காலத்துப் பட்டறைகளில் இருந்தபடியே, இன்றும் தொடர வேண்டியதாயுள்ளது.