1835, அப்புறம் ஒன்று

பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கொள்ளிடக் கரையில் கழிந்தது. மகளைப் பார்க்க நெதர்லாந்து போனபோது ட்யூலிப் தோட்டம் வேண்டாம், கடலோர ஸீலாந்துக்குக் கூட்டிப் போ என்றேன். 1953-இல் அங்கே உடைந்த கரைகளைப் பற்றி வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்தது. அது மனதை விட்டுப் போகவே இல்லை.

   1953 என்றால் டச்சுக்காரர்களுக்கு ஒரே ஒரு இரவுதான்.

ஜனவரி 31, சனிக்கிழமை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள், ஓதம் பெரிதாக இருக்கும் நேரம். வடமேற்கிலிருந்து புயல். வட கடல் தெற்கே போகப் போகக் குறுகும், ஆழமும் குறையும். புயல் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மேலேதான் ஏற வேண்டும். ஃப்ளிசிங்கன் துறைமுகத்தில் 4.55 மீட்டர் ஏறியது. வானிலை நிலையம் மாலையிலேயே எச்சரிக்கைத் தந்தி அடித்திருந்தது. ஆனால் அதைப் பெறப் பதிந்திருந்தவர்கள் மிகச் சிலர். வானொலியோ வழக்கம்போல நள்ளிரவோடு நின்றுவிட்டது. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

கரை எப்படி உடைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடல் மோதி முன்பக்கம் உடைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல இடங்களில் உடைந்தது முதுகுப் பக்கம். கரையின் தலைக்கு மேலே வழிந்த தண்ணீர், ஊரைப் பார்த்த சரிவில் இறங்கி மண்ணை அரித்தது. அந்தச் சரிவு செங்குத்து, மேலே வெறும் புல். அடி கரைந்ததும் மொத்தக் கரையும் உட்கார்ந்துவிட்டது. கொள்ளிடத்திலும் இதே கதைதான்: தண்ணீர் தலைக்கு மேல் வழிய ஆரம்பித்தால் கரை நம் கையில் இல்லை. யோஹான் ஃபான் ஃபேன் என்ற அரசுப் பொறியாளர் இந்தக் கரைகள் போதாது என்று பல வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தார். போரில் நொந்துபோன நாடு. பணம் வேறு வேலைகளுக்குப் போனது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

ஒரு உடைப்பை அப்போதே அடைத்தார்கள். எய்ஸல் ஆற்றங்கரை நியூவர்கெர்க்கில், பின்னால் லட்சக்கணக்கான மக்கள் வாழும் பள்ளப் பிரதேசத்தைக் காத்த கரை விட்டுக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவர் ஒரு சரக்குப் படகை அப்படியே கேட்டு வாங்கினார். பெயர் ‘இரண்டு சகோதரர்கள்’. படகோட்டி ஆரி எவக்ருன் அதைக் கொண்டுபோய் உடைப்பில் குறுக்காகச் செருகினார். கதவு சாத்தியது போல நின்றது. மணல் மூட்டை அடுக்கவே ஒழுங்கான தரை கிடைக்காத இடத்தில், இழுக்கிற தண்ணீரில், படகைத் திருப்பி நிறுத்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

தெற்கே இருந்த தீவுகளில் பல ஊர்களுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. முதல் இரவு கூரைமேல் ஏறித் தப்பியவர்கள் பலர், ஞாயிறு பிற்பகல் அடுத்த ஓதம் ஏறியபோது வீடு சரிந்து போனார்கள். அவுட-டோங்க என்ற ஒரே ஊரில் 305 பேர். பிறகு உதவி வந்து குவிந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகள் அனுப்பிய மரவீடுகளில் சில இன்னும் அங்கே நிற்கின்றன. உப்பேறிய வயலுக்கு ஜிப்சம் போட்டார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நாம் போட்டதும் அதுதான்.

கடைசி உடைப்பு அவ்வர்கெர்க்கில். அதை அடைக்க நவம்பர் ஆகிவிட்டது. 1944-இல் நார்மண்டித் துறைமுகத்துக்காக வார்த்த கான்கிரீட் பெட்டிகள் நான்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொன்றும் 60 மீட்டருக்கு மேல் நீளம். இப்போது அந்தப் பெட்டிகளுக்குள்தான் அருங்காட்சியகம். உள்ளே போய்ச் சுவரில் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது.

இறந்தவர்களை நினைக்கும் இடத்துக்கு அங்கே ‘1835+1’ என்று பெயர். அந்த ஒன்று எதற்கு என்று மகளிடம் கேட்டேன். அவள் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அந்த இரவில் பிறந்து அந்த இரவிலேயே தண்ணீரில் போன குழந்தையாம். பதிவேட்டில் ஏறவே இல்லை.

உடைப்பு அறிக்கை நானும் நிறைய எழுதியிருக்கிறேன். உடைந்த நீளம், ஆழம், போட்ட சாக்கு எத்தனை, சேதமான ஏக்கர், செத்த மாடு. அந்தக் குழந்தையை எழுத அதில் எந்தக் கட்டமும் இருந்ததில்லை.