சக்கரங்களுக்குக் குரோமிய முலாம் பூசுதல்

மோட்டார் வாகனச் சக்கரத்தின் மீது மின்னோட்டத்தின் துணையால் குரோமியத்தை மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை, பட்டறை வழக்கில் குரோம் பிளேட்டிங் எனப்படுகிறது. அலுமினியக் கலப்புலோகச் சக்கரத்தின் பரப்பில் காற்றுப் பட்டவுடன் ஆக்சைடு படலம் உருவாகி முலாம் ஒட்டுவதைத் தடுப்பதால், எண்ணெய்ப்பசை நீக்கி மெருகேற்றிய சக்கரத்தை முதலில் துத்தநாகக் கரைசலில் தோய்த்து, அதன்மேல் செம்பையும் நிக்கலையும் அடுத்தடுத்துப் படியவைப்பர். பின்னர், லிட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் குரோமிக் அமிலமும் அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலமும் கலந்த தொட்டியில், ஈயக் கலப்புலோகத் தகடுகள் நேர்மின்முனையாக அமைய, சக்கரம் எதிர்மின்முனையாகத் தொங்கவிடப்படும். கண்ணைக் கவரும் பளபளப்பில் பெரும்பங்கு அடியிலுள்ள நிக்கலுக்கே உரியது. பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவான குரோமியப் படலம் அந்த நிக்கலை மங்காமலும் கீறல் விழாமலும் காக்கிறது.

இம்முறைக்கு அடிப்படையான மின்வேதியியலுக்கு இந்தியாவில் உள்ள முதன்மை ஆய்வுக்கூடம் புதுக்கோட்டை மாவட்டத்தை ஒட்டிய காரைக்குடியில் உள்ளது. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. மின்முலாம் பூச்சு அதன் ஆய்வுத் துறைகளுள் ஒன்றாகும்.

குரோமிக் அமிலத்தில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது; இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவு நிலத்தடி நீரையே கெடுத்திருக்கிறது. ஆகவே கழுவுநீரிலுள்ள குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்றி, சுண்ணாம்பால் வீழ்படிவாக்கிப் பிரித்தெடுக்காத எந்தப் பட்டறையும் இத்தொழிலை நடத்தத் தகுதியற்றது.