மத்தளத்தின் பின்னிருந்து எழுந்த குரல்



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள ஓர்ஸ் ஹில் மேட்டிலே, கடற்காற்றும் கோயில் மணியோசையும் ஒருங்கே வந்து சேரும் இடத்தில், ஆசிரியத் தொழில் புரிந்து வருபவன் நான். பல்லாண்டுகளுக்கு முன்னர், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், காலைப் பிரார்த்தனைக்கு மிருதங்கம் வாசிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் கை பழுதற்ற கை. ஆயின், வாசிக்கும்பொழுதே அவனுடைய வாயும் தேவாரத்தோடு அசையும். முதிராத மெல்லிய குரல் ஒன்று மிருதங்க ஒலியின் அடியிலே இழையோடும். ஒருநாள் அவனை அழைத்து, "தம்பி, பாடுவதற்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ தாளத்தைக் கவனி" என்றேன். "ஓம் சேர்" என்று அவன் தலை குனிந்தான். அன்று முதல் அவன் வாய் அசையவில்லை.

தாளக்காரன் பாடலாகாது என்னும் அந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது? நம் முன்னோரும் அவ்வாறு எண்ணினார்களா? வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

சங்க காலத்திலிருந்து தொடங்குவோம். புறநானூற்றிலே கிணைப்பொருநர் என்னும் கலைஞரைக் காண்கிறோம். விடியற்காலத்தில் வள்ளல்களின் வாயிலிலே நின்று, கிணை என்னும் பறையை முழக்கி, அவர்தம் புகழைப் பாடியவர்கள் இவர்கள். பறை ஒருவர் கையிலும் பாட்டு இன்னொருவர் வாயிலும் இருந்ததாக அங்கே பிரிவினை இல்லை. கொட்டியவனே பாடினான், பாடியவனே பரிசிலும் பெற்றான்.

சிலப்பதிகாரக் காலத்திற்கு வரும்பொழுது கலைகள் துறை துறையாகப் பிரிந்து வளர்ந்துவிட்டன. அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துக் காட்டுகிறார். ஆனால், தண்ணுமை முழக்குபவனுக்கு வேண்டிய தகுதிகள் யாவை என்று நோக்குங்கள். ஆடலும், பாடலும், இசையும், தமிழும், பண்ணும் அவன் குற்றமற உணர்ந்திருக்க வேண்டும் என்கிறார் அடிகள். யாழும் குழலும் பாடுவோரின் மிடறும் இசைந்து ஒலிக்கும்படி, அவற்றை அடக்காமல் முழக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. கொட்டுபவன் பாடாவிட்டாலும், பாட்டு அவனுக்குள் நிறைந்திருக்க வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

நமது கிழக்கிலங்கையில் இந்தப் பழைய ஒருமை அழியாமல் நின்ற இடம் ஒன்றுண்டு. அதுவே கூத்துக்களரி. வடமோடியாயினும் தென்மோடியாயினும் கூத்தின் உயிர்நாடி அண்ணாவியார். மத்தளத்தை இடையிலே கட்டிக்கொண்டு களரியில் நிற்பவர் அவர்; ஆட்டத்தைப் பழக்கியவரும் அவரே; பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. இரவு முழுதும் கைகள் மத்தளத்திலே இருக்க, குரல் கூத்தரின் பாட்டைத் தாங்கிச் செல்லும். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, கற்றறிந்தோரின் செவிகளும் இக்கலையின்பால் திரும்பின.

அவ்வாறாயின், கொட்டுபவர் வேறு, பாடுபவர் வேறு என்னும் மதில் எங்கே எழுந்தது? நாம் இன்று கச்சேரி என்று வழங்கும் அமைப்பிலே அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்றோர் உறுதிப்படுத்திய கச்சேரி முறையில், நடுவிலே பாடகர். ஒரு பக்கம் வயலின். மறு பக்கம் மிருதங்கம். அதற்குப் பக்கவாத்தியம் என்றே பெயர். பக்கத்தில் இருப்பதால் பெருமை குன்றிவிடாது. எனினும் நடு இருக்கைக்குரிய மதிப்பு நெடுங்காலம் அதற்குக் கிட்டவில்லை. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்க வித்துவான் ஒருவரை முதன்முதலாக அடைந்தது 1966 ஆம் ஆண்டிலேதான். அவர் பாலக்காடு மணி ஐயர்.

இந்த மதிலைக் கடந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் திருப்பூணித்துறை வி. கோபாலகிருஷ்ணன். ரசிகர்கள் அவரைச் சுருக்கமாக டி.வி.ஜி. என்பார்கள். 1932 ஆம் ஆண்டு கொச்சிச் சீமையிலுள்ள திருப்பூணித்துறையில், பரம்பரையாக இசை வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே மிருதங்கம் பயின்று சிறுவனாகவே அரங்கேறினார். பின்னர், செம்பை வைத்தியநாத பாகவதருக்கு மிருதங்கம் வாசித்தவர், அதே பாகவதரிடம் வாய்ப்பாட்டிற்கும் மாணாக்கரானார்.

செம்பையின் இயல்பை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். வெண்கலக் குரலுக்குப் பேர்போன அப்பெரியார், இளம் பக்கவாத்தியக்காரரைத் தட்டிக்கொடுத்து முன்னுக்குக் கொண்டு வந்தவர். பாலக்காடு மணி ஐயரும் இளம் வயதிலே அவருக்கு வாசித்தே வெளிச்சத்துக்கு வந்தார். நடுவில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரின் திறமையைக் கண்டு அஞ்சாதவராயிருந்தால், பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுவதற்கு வழியுண்டு என்பதற்கு அவர் சான்று.

மிருதங்கக்காரருக்குப் பாட்டு எவ்வாறு வசப்படுகிறது என்று கேட்கலாம். மிருதங்கப் பாடம் கையில் தொடங்குவதன்று, வாயிலே தொடங்குவது. தத் தித் தொம் நம் என்று சொற்கட்டை வாயாற் சொல்லிய பின்னரே மாணவன் தோலைத் தொடுகிறான். வாத்தியத்தின் வலந்தலையைப் பாடகரின் சுருதிக்கு இசைய அமைப்பதால், அவன் செவி சுருதியில் ஊறுகிறது. பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே சொல்லை நிறுத்துகிறார், எங்கே எடுப்புக்குத் திரும்புகிறார் என்பதை ஆண்டுக்கணக்காகக் கூர்ந்து கேட்பவனும் அவனே. அவனிடம் இல்லாதது ஒன்றே: நீண்ட கார்வையில் தடுமாறாமல் நிற்கும், சாதகத்தாற் பண்பட்ட குரல். அதற்குக் காலம் வேண்டும். அதனினும் மேலாக, அக்காலம் முழுதும் பொறுத்திருந்து கேட்கும் செவிகள் வேண்டும்.

டி.வி.ஜி.க்கு அக்காலமும் செவிகளும் வாய்த்தன. 1974 அக்டோபரில் குருநாதர் செம்பை மறைந்தார். அடுத்த மாதமே பண்டிதர் ரவிசங்கரின் குழுவில் ஒருவராக, ஜார்ஜ் ஹாரிசனின் வட அமெரிக்க இசைப் பயணத்தில் டி.வி.ஜி. கலந்துகொண்டார். மிருதங்கத்தோடு அவர் குரலும் அங்கே ஒலித்தது. 1990 ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாடமி விருது மிருதங்கத்திற்காக அவரைச் சேர்ந்தது. 2012 இல் பத்மபூஷண் விருதும், 2014 இல் சங்கீத கலாநிதி விருதும் கிடைத்தன. சாக்சபோன் வித்துவான் கத்ரி கோபால்நாத் அவரிடம் பயின்றவர். இளையராஜாவும் அவரிடம் கர்நாடக இசை கற்றவரே. பக்கத்தில் இருந்தவர் பலருக்கு ஆசான் ஆகிவிட்டார்.

இது நம் நாடுகளுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் கேரன் கார்ப்பென்டர் என்னும் பெண்மணி, 1950 இல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார். 1966 இல் தமையன் ரிச்சர்டுடன் சேர்ந்த மூவர் குழுவாக, ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த போட்டியிலே பரிசு பெற்றபோது, அவரை யாவரும் டிரம்ஸ்காரி என்றே அறிந்தார்கள். அதே ஆண்டில் பாடி வெளியிட்ட இசைத்தட்டிலே கேட்பது பதினாறு வயதுப் பெண்ணின் இளங்குரல். 1969 இல் வந்த முதல் இசைத்தொகுப்பில் அக்குரல் உரம் பெறுகிறது. 1970 இல் உலகம் அவரை அறிந்தபோது, அவருடைய கீழ்ஸ்தாயியின் ஆழமே அவருக்கு அடையாளமாயிற்று. 1983 இல், முப்பத்திரண்டு வயதிலேயே, அவர் மறைந்தார். அவருடைய தொடக்ககால ஒலிப்பதிவுகளை ரசிகர்கள் இன்றும் தேடி எடுத்துக் கேட்கிறார்கள். முதிர்ந்த குரலின் இனிமையை அறிந்த பின்னரும் முதிராத குரலை நாடுவது ஏன்? கனியின் சுவை அறிந்தவனுக்குப் பூவின் மணமும் பொருளுடையதாகிறது என்பதே காரணம்.

நேயர்களே, இங்கே வானொலியின் நன்மை ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1925 இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. அதன்பின் இத்தீவின் மூலை முடுக்கெல்லாம் வீட்டுத் திண்ணைகளில் இருந்தவாறே மக்கள் பாட்டுக் கேட்டார்கள். வானொலியில் இருக்கை தெரியாது. நடுவில் அமர்ந்தவர் யார், பக்கத்தில் அமர்ந்தவர் யார் என்று செவி பார்ப்பதில்லை. குரல் நன்றாயிருந்தால் நன்று என்கிறது; பண்படாதிருந்தால், நாளை வரட்டும் என்று காத்திருக்கிறது. அத்தகைய செவியை உடையவரே ரசிகர். முதல் நாளிலேயே முழுமையை எதிர்பார்ப்பவர் தேர்வாளர். கலைக்குத் தேர்வாளர் வேண்டியதுண்டு. ஆனால், தேர்வாளர் மட்டுமே இருந்தால் புதிய குரல் பிறப்பதற்கில்லை.

அந்தக் காலை வேளையில் நான் தேர்வாளனாக இருந்தேன். ரசிகனாக இருக்கத் தவறினேன். கிணைப்பொருநரையும் தண்ணுமை ஆசிரியனையும் வகுப்பிலே பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன், அவர்களின் வழித்தோன்றல் ஒருவன் என் எதிரிலே வாய் அசைத்தபோது அடையாளம் காணவில்லை. அந்த மாணவன் இன்று கோயில் திருவிழாக்களில் நன்றாக மிருதங்கம் வாசிக்கிறான். அண்மையில் அவனைக் கண்டபோது, "நீ பாடுவதில்லையா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "எனக்குப் பாட்டு வராது, சேர்" என்றான். அந்த விடையை அவன் தானாகக் கற்கவில்லை. நான் கற்பித்தது அது.

இப்பொழுது எங்கள் பிரார்த்தனையில் மிருதங்கம் வாசிப்பவள் ஒரு சிறுமி. அவளும் வாசிக்கும்பொழுது மெல்லப் பாடுகிறாள். சுருதி சில இடங்களில் இறங்கத்தான் செய்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. சற்று அருகே சென்று நின்று கேட்கிறேன்.